டிக்கெட்ல "-(" விழுந்தா என்ன அர்த்தம்? பிரிண்ட்எஃப் மாதிரி ஃபங்ஷனை ஓவர்ஃப்ளோவுக்கு டெஸ்ட் பண்ற விதம்

தம்பி, நீங்க கேட்டது இது: செம்பனை மில்லுல லோரி நிறுக்குற எடை மேடைக்கு டிக்கெட் அடிக்கிற ப்ரோக்ராம் சி-ல எழுதுறீங்க, போர்டு சின்னது, அதோட லைப்ரரில முழு பிரிண்ட்எஃப் (எண்ணையும் எழுத்தையும் கேட்ட வடிவத்துல அடிக்கிற சி ஃபங்ஷன்) கிடையாது, அதனால நீங்களே ஒரு சின்ன ஃபார்மட் ஃபங்ஷன் எழுதிட்டீங்க. உங்க மேலாளர் "999999999 போட்டுப் பாரு, சரியா வந்தா விட்டுடு"ன்னு சொல்லிட்டார். இது போதுமா, இன்டிஜர் ஓவர்ஃப்ளோ, அதாவது முழு எண் தனக்கு உண்டான இடத்தைத் தாண்டிப் போறது, உள்ள ஒளிஞ்சிருக்கான்னு வேற எப்படிப் பாக்குறதுன்னு கேட்டிருந்தீங்க.

போதாது தம்பி. 999999999 பாக்கத்தான் பெரிய நம்பர், ஆனா 32 பிட் இன்ட்டோட (சி-ல வழக்கமான முழு எண் வகை) எல்லை 2147483647, நீங்க அதுல பாதி தூரம்கூட போகல. அதைவிட முக்கியமான விஷயம், இந்த மாதிரி ஃபங்ஷன்ல ஓவர்ஃப்ளோ அதிகமா வர்றது பிரிண்ட் ஆகுற மதிப்புல இல்ல, நீளத்துல. எத்தனை எழுத்து இடம் விடணும், எத்தனை இலக்கம் போடணும், இதுவரைக்கும் எத்தனை எழுதியாச்சு, பஃபர்ல (எழுத்தை வெச்சுக்க ஒதுக்குன மெமரி) இன்னும் எவ்வளவு மிச்சம், இந்த நாலு கணக்கும் ஃபங்ஷனுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, இந்த நாலையும் யாரும் டெஸ்ட் பண்றதில்ல.

இருந்தாலும் மதிப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் அடிபட்டது அங்கதான். எங்க சுங்கை சிப்புட் பக்கம், பழைய பால்மரத் தோட்டமெல்லாம் செம்பனையா மாறிப்போன ஏரியாவுல ஒரு மில்லுக்கு டிக்கெட் ப்ரோக்ராம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, நல்ல மழை, கிராணி போன் போட்டார்: "அண்ணே, டிக்கெட்ல எடை வரல, ஒரு மைனஸும் ஒரு பிராக்கெட்டும் மட்டும் வருது, லோரி ஒன்பது வரிசையா நிக்குது." போய்ப் பாத்தா நிஜமாவே பேப்பர்ல மொத்த எடைக்கு நேரா "-(" அப்படின்னு ரெண்டே ரெண்டு எழுத்து. மேடைக்கு அடியில லோட் செல் (எடையை உணருற கருவி) வயரை எலி கடிச்சிருந்தது. வயர் அறுந்தா அந்த எடை போர்டு "எடை இல்ல"ன்னு சொல்றதுக்கு ஒரு விசேஷ மதிப்பு அனுப்பும், அது -2147483648. அந்த ஒரு எண்ணை அதுவரைக்கும் நான் ஒரு தடவைகூட என் ஃபங்ஷனுக்குள்ள விட்டுப் பாத்ததே இல்ல.

ஏன் "-(" வந்துச்சுன்னு கையால போட்டுப் பாருங்க, நல்லா மனசுல ஒட்டிக்கும். எண்ணை எழுத்தா மாத்துறப்போ எல்லாரும் செய்றது என்ன, எண் மைனஸா இருந்தா மைனஸ் குறியை ஞாபகம் வெச்சுக்கிட்டு எண்ணை பிளஸ்ஸா திருப்புவோம், அப்புறம் பத்தால வகுத்து மீதி மீதியா எடுப்போம், வகுத்து வந்தது பூஜ்ஜியத்தைவிடப் பெருசா இருக்குற வரைக்கும் லூப் ஓடும். -2147483648-ஐ பிளஸ்ஸா திருப்புனா 2147483648 வரணும், ஆனா இன்ட்ல அதுக்கு இடம் இல்ல, எல்லை 2147483647-ஓட முடிஞ்சிடுது. சி மொழி விதிப்படி இந்த இடத்துல என்ன நடக்கும்னே சொல்ல முடியாது, நடைமுறைல பெரும்பாலான மெஷின்ல எண் அப்படியே மைனஸாவே நிக்கும். இப்போ பத்தால வகுத்தா மீதி -8. '0' எழுத்தோட கோட் 48, அதுல 8 கழிச்சா 40, 40-ங்கிறது '(' எழுத்து. அடுத்து வகுத்து வந்தது -214748364, அது பூஜ்ஜியத்தைவிடச் சின்னது, லூப் நின்னுடுச்சு. முன்னாடி மைனஸை ஒட்டினா "-(". வேற எந்தக் கோளாறும் இல்ல, ஒரே ஒரு எண், அந்த எண்ணுக்கு மட்டும்தான் இப்படி. -2147483647 போட்டா ஒழுங்கா வரும். நாப்பது லட்சம் ரேண்டம் எண் போட்டு டெஸ்ட் பண்ணாலும் இந்த ஒண்ணு சிக்குற வாய்ப்பு ஆயிரத்துல ஒண்ணுதான். அதனாலதான் சொல்றேன், பெரிய நம்பர் தேடாதீங்க, விளிம்பைத் தேடுங்க: 0, 1, -1, எல்லை, எல்லைக்கு ஒண்ணு கம்மி, எல்லைக்கு ஒண்ணு மேல, ரெண்டு பக்கமும்.

அதைச் சரி பண்றது லேசு, எண்ணோட அளவை மட்டும் அன்சைன்ட்ல (மைனஸே இல்லாத எண் வகை) எடுத்துக்கிட்டு, 0-வுல இருந்து அன்சைன்ட்டாவே கழிக்கணும், அங்க 2147483648-க்கு தாராளமா இடம் இருக்கு.

மதிப்புல இன்னொண்ணு இருக்கு, அதையும் சொல்லிட்டு நகர்றேன். காசை சென்னா மாத்தி 32 பிட் இன்ட்ல வெச்சா, எல்லை 21,474,836 வெள்ளி 47 சென். பெரிய தொகைன்னு தோணும். ஒரு மில் மணிக்கு 60 டன், நாளைக்கு 20 மணி நேரம், மாசம் 25 நாள் ஓடுதுன்னு வெச்சுக்குங்க, 30,000 டன் குலை. டன்னுக்கு 800 வெள்ளின்னா 24 மில்லியன் வெள்ளி. மாசக் கடைசியில கூட்டுத்தொகை 2,400,000,000 சென், எல்லையைத் தாண்டியாச்சு, பேப்பர்ல -18949672.96-ன்னு விழும். இது ஃபார்மட் ஃபங்ஷனோட தப்பு இல்ல, அதுக்கு முன்னாடியே கூட்டல்ல நடந்த தப்பு, ஆனா எல்லாரும் வந்து குறை சொல்றது பிரிண்ட் பண்ற ஃபங்ஷனைத்தான். அதனால 64 பிட்ல கூட்டுங்க, பிரிண்ட் பண்றப்போ 64 பிட்டுக்கு உண்டான குறியைத்தான் போடணும், வெறும் %டி (சாதாரண இன்ட்டை அடிக்கிற குறி) போட்டா வேலைக்கு ஆகாது. 64 பிட்ல இருக்குற ரொம்பச் சின்ன எண் மைனஸோட சேத்து 20 எழுத்து, எழுத்து முடிஞ்சதுன்னு காட்ட கடைசியில ஒரு பூஜ்ஜிய பைட், ஆக 21 பைட். பத்து இலக்கம்தானேன்னு 12 பைட் பஃபர் வெச்சவங்க நிறையப் பேர், 32 பிட்டுக்கு அது கணக்கா சரியா இருக்கும், 64-க்கு மாத்துன அன்னைக்கு வெடிக்கும்.

இப்போ நீளத்துக்கு வர்றேன், இங்கதான் ஆழம் ஜாஸ்தி.

%8டி-ன்னு எழுதுனா அந்த 8-தான் அகலம். உங்க ஃபங்ஷன் அதை ஒவ்வொரு இலக்கமா படிக்கும், அகலம் = அகலம் × 10 + இலக்கம். உங்க கோட்லயும் இந்த வரிதான் இருக்கும், எனக்கு சந்தேகமே இல்ல, எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம். இதுக்குள்ள 2147483647 விட்டுப் பாருங்க, ஒன்பது இலக்கம் படிச்சப்போ 214748364, பத்தால பெருக்கி 7 கூட்டுனா கரெக்டா எல்லையில வந்து நிக்கும். கடைசி இலக்கம் 8-ஆ இருந்தா மைனஸ் பக்கம் குதிச்சிடும். அகலம் மைனஸ் ஆயிட்டா, இடது பக்கம் ஒட்டி எழுதச் சொல்றாங்கன்னு சில கோட் நினைச்சுக்கிட்டு அதைத் திருப்பப் பாக்கும், திருப்பினாலும் அது மைனஸாவே நிக்கும், மேல சொன்ன அதே நோய். அப்புறம் அந்த மைனஸ் எண்ணை அன்சைன்ட்டா எடுத்துக்கிட்டு ரெண்டு பில்லியன் இடைவெளி எழுதப் போகும், உங்க 64 பைட் பஃபர்ல.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. %4294967301டி போட்டுப் பாருங்க. 4294967296-ங்கிறது 32 பிட் ஒரு முழுச் சுத்து சுத்தி வர்ற எண், அதுக்கு மேல 5. உங்க ஃபங்ஷன் அதை அகலம் 5-ன்னு எடுத்துக்கிட்டு அழகா அஞ்சு எழுத்துல அடிச்சுக் குடுக்கும். கிராஷ் இல்ல, குப்பை எழுத்து இல்ல, பாக்குறவங்க "ஓகே, சரியா வருது"ன்னு போயிடுவாங்க. டெஸ்ட் எழுதுறவங்க இங்கதான் ஏமாறுறாங்க. இந்த இடத்துல எதிர்பார்க்க வேண்டியது பிழை, ஒழுங்கான விடை வந்துச்சுன்னா அதுதான் தப்பு. அதனால ஒவ்வொரு டெஸ்ட்லயும் "கிராஷ் ஆகல"ன்னு மட்டும் பாக்காம, என்ன திரும்பி வரணும்னு முன்கூட்டியே எழுதி வெச்சு அதோட ஒப்பிடணும்.

எல்லை தாண்டுதான்னு பாக்குறதையும் தாண்டுறதுக்கு முன்னாடியே செய்யணும். பெருக்கிட்டு அப்புறம் "மைனஸ் ஆயிடுச்சா"ன்னு பாக்குறாங்க பாருங்க, அது சைன்ட் இன்ட்ல (மைனஸும் வர்ற வகை) செல்லாது. சைன்ட்ல ஓவர்ஃப்ளோ நடக்கவே நடக்காதுன்னு கம்பைலர் நம்பிக்கிற உரிமை அதுக்கு உண்டு, நடக்காத ஒண்ணுக்கு எதுக்குச் சோதனைன்னு ஓ2-ல (கோடை வேகமாக்கச் சொல்ற கம்பைலர் ஆப்ஷன், ஓ0-ன்னா அப்படியே விடுன்னு அர்த்தம்) அந்த வரியையே தூக்கிடலாம். ஓ0-ல பாஸ் ஆகி ஓ2-ல ஃபெயில் ஆகுற டெஸ்ட்டுக்கு நிறைய நேரம் இதுதான் காரணம், அதனால ரெண்டுலயும் ஓட்டுங்க. சரியான சோதனை இப்படி: பெருக்குறதுக்கு முன்னாடி, அகலம் > (2147483647 - இலக்கம்) / 10 ஆ இருந்தா நிறுத்து. 214748364-க்குப் பக்கத்துல 7 வந்தா வலது பக்கம் 214748364, பெருசு இல்ல, போகலாம். 8 வந்தா வலது பக்கம் 214748363, இடது பக்கம் பெருசு, நிறுத்து. ஜிசிசி, கிளாங்னு ரெண்டு கம்பைலர்லயும் இதுக்கு பில்ட்-இன் ஃபங்ஷன் இருக்கு, சி23-ல ஸ்டாண்டர்ட் ஹெட்டராவே வந்துடுச்சு, உங்க போர்டு கம்பைலர்ல அது இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி கையாலயே எழுதுங்க.

நட்சத்திரக்குறி போட்டு அகலத்தை ஆர்குமென்ட்டா அனுப்புவோமே, %*டி, அதையும் விட்டுடாதீங்க. அங்க மைனஸ் அகலம் வந்தா இடது ஒட்டு, பிளஸ்ஸா திருப்பி எடுத்துக்கோன்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. அப்போ -2147483648 அனுப்பினா? திருப்ப முடியாத அதே எண். %.*எஸ்-ல (எழுத்தை அடிக்கிற குறி, புள்ளிக்கு அப்புறம் வர்றது அதிகபட்ச நீளம்) புள்ளிக்கு அப்புறம் மைனஸ் வந்தா விதி வேற, புள்ளியே இல்லாத மாதிரி நடந்துக்கணும். ரெண்டையும் ஒரே மாதிரி கையாளுற கோட் நான் பாத்திருக்கேன், பேர் அடிக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே வராது.

அடுத்தது மொத்த நீளம். பிரிண்ட்எஃப் குடும்பம் எல்லாமே எத்தனை எழுத்துன்னு இன்ட்லதான் திருப்பிக் குடுக்கும். மொத்தம் 2147483647-ஐத் தாண்டினா மைனஸ் எண்ணைத் திருப்பிக் குடுத்து, பிழை எண் வைக்கிற எர்நோ-வுல ஈ-ஓவர்ஃப்ளோ வைக்கணும்னு போசிக்ஸ் ஸ்டாண்டர்ட் சொல்லுது. இதை டெஸ்ட் பண்ண ரெண்டு ஜிபி பஃபர் வேணும்னு பயப்படாதீங்க, எஸ்என்பிரிண்ட்எஃப்-க்கு (பஃபர் சைஸுக்குள்ள மட்டும் எழுதுற ஃபங்ஷன்) பஃபர் இடத்துல நல், அதாவது வெறும் முகவரி, சைஸ் இடத்துல 0 குடுத்தா எழுதாம நீளத்தை மட்டும் சொல்லும். %2147483647டி குடுத்தா திரும்பி வர்றது 2147483647, எல்லைக்குள்ள, சரி. அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு 'அ' மாதிரி எழுத்து, வேணாம், தமிழ் எழுத்து மூணு பைட், ஒரு வெறும் இடைவெளியைச் சேருங்க, இப்போ மைனஸ் வந்தே ஆகணும். அதே இடைவெளியை முன்னாடி வெச்சும் ஓட்டுங்க, ஏன்னா சில கோட் முன்னாடி எழுதுனதை எண்ணும், பின்னாடி வர்றதை எண்ணுறப்போ சோதிக்காது, இல்ல தலைகீழா. அப்புறம் ஒரே கன்வெர்ஷன்லயே தாண்டுறது ஒண்ணு, %+.2147483647டி. இலக்கம் மட்டும் எல்லை அளவு, அதுக்கு முன்னால ஒரு பிளஸ் குறி, மொத்தம் எல்லைக்கு ஒண்ணு மேல. அகலத்தை மட்டும் ஜாக்கிரதையா பாத்தவங்க இந்தக் குறி ஒண்ணைக் கூட்டுறப்போ கோட்டை விடுவாங்க. மசல்ங்கிற சின்ன சி லைப்ரரில இந்தக் கூட்டல் எல்லாத்துக்கும் முன்னாடி "எல்லை - இதுவரை" கிட்ட ஒப்பிட்டுப் பாத்துட்டு, தாண்டுற மாதிரி இருந்தா அங்கயே நின்னுடுவாங்க, நின்னாத்தான் %என்-க்கு (இதுவரை எழுதுன எண்ணிக்கையைச் சொல்ற குறி) தப்பான எண்ணிக்கை போகாது. கோட் சின்னது, ஒரு மத்தியானம் உக்காந்தா படிச்சிடலாம், உங்க சொந்த ஃபங்ஷன் எழுதுறதுக்கு முன்னாடி அதைப் படிங்கன்னு மனசாரச் சொல்றேன்.

"யார் அண்ணே மில்லுல ரெண்டு பில்லியன் அகலம் போடப் போறாங்க"ன்னு நீங்க கேப்பீங்க. யாரும் வேணும்னு போட மாட்டாங்க. ஆனா உங்க டிக்கெட் டெம்ப்ளேட்டை கிராணி ஆபிஸ்ல இருந்தே மாத்திக்கலாம்னு நீங்க எழுதியிருக்கீங்கல்ல, அந்த ஃபைல்ல ஒரு கீ அழுத்தி வெச்சுட்டா 8-ங்கிறது 8888888888 ஆயிடும். தப்பா வர்றது ஒரு பக்கம், வேணும்னே அனுப்புறவங்க இன்னொரு பக்கம். 2005-ல பெர்ல் மொழியோட ஃபார்மட் பகுதியில இப்படி ஒரு இன்டிஜர் சுத்தல் கண்டுபிடிச்சாங்க, பாதுகாப்பு ஓட்டைப் பட்டியல்ல அதோட எண் சிவிஇ-2005-3962, ஃபார்மட் ஸ்ட்ரிங்குல பெரிய எண்ணைக் குடுத்தா மெமரில வேற இடத்துல எழுத முடிஞ்சது, வெளியில இருந்து வர்ற எழுத்தை அப்படியே ஃபார்மட்டா எடுத்துக்கிட்ட ப்ரோக்ராம் எல்லாம் அதுல மாட்டுச்சு. அதனால உங்க டெம்ப்ளேட் ஃபைலை நேரா ஃபார்மட் ஸ்ட்ரிங்கா அனுப்பாதீங்க. அதுல இருந்து அகலத்தை எண்ணா எடுத்து, 0-ல இருந்து உங்க பிரிண்டரோட ஒரு வரி அளவுக்குள்ள இருக்கான்னு பாத்துட்டு, நட்சத்திரக்குறி வழியா குடுங்க.

ஃபங்ஷன் சுத்தமா இருந்தும் அதைக் கூப்பிடுறவங்க கெடுக்குறது ஒண்ணு இருக்கு, நான் எந்த எடை மேடை கோடைத் திறந்தாலும் முதல்ல தேடுறது இதைத்தான். டிக்கெட்டை ஒவ்வொரு துண்டா சேத்து எழுதுறோம், லோரி நம்பர், டிரைவர் பேர், மொத்த எடை, காலி எடை, நிகர எடை. ஒவ்வொரு தடவையும் எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பிக் குடுத்ததை இடத்தோட கூட்டிக்கிட்டே போறோம், அடுத்த தடவை மிச்ச இடம் = மொத்தம் - இடம். எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பிக் குடுக்குறது நிஜமா எழுதுன அளவு இல்ல, இடம் இருந்திருந்தா எவ்வளவு எழுதியிருக்கும்ங்கிற அளவு. 64 பைட் பஃபர், நீளமான பேர் ஒண்ணு வந்து இடம் 70 ஆயிடுச்சு. 64 - 70, சைஸ்-டி (அளவை வைக்கிற எண் வகை) அன்சைன்ட், 64 பிட் மெஷின்ல மிச்ச இடம் 18446744073709551610 பைட், 32 பிட் போர்டுல 4294967290. அடுத்த துண்டு பஃபருக்கு வெளிய ஆறு பைட் தள்ளி, தாராளமா இடம் இருக்குன்னு நம்பி எழுதும். இதுக்கு டெஸ்ட்: பஃபர் சைஸை 0, 1, 2-ன்னு ஒவ்வொண்ணா ஏத்தி, முழு டிக்கெட் நீளத்துக்கு ரெண்டு மேல வரைக்கும் எல்லா சைஸ்லயும் அதே டிக்கெட்டை அடிக்கணும். இருநூறு எழுத்து டிக்கெட்டுக்கு இருநூத்துச் சொச்சம் ஓட்டம், ஒரு நொடிகூட ஆகாது, ஆனா இந்த வகைத் தப்பு இதுல தப்பிக்கவே தப்பிக்காது.

அதே மாதிரி, நீளத்தைக் கேட்டுட்டு நீளம் + 1 மெமரி எடுக்குற கோட். மைனஸ் 1 வந்தா 0 பைட் கேக்கும், 2147483647 வந்தா கூட்டலே சுத்திடும். ரெண்டையும் டெஸ்ட்ல பொய்யா திருப்பிக் குடுக்குற ஒரு போலி ஃபங்ஷன் வெச்சுப் பாத்துடுங்க.

பஃபர் சைஸைப் பத்திப் பேசுறப்போ, கரெக்ட் சைஸ்ங்கிறது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். 2023-ல வந்த ஜிலிப்சி 2.37-ல (லினக்ஸ்ல வழக்கமா ஓடுற சி லைப்ரரி), ஆயிரத்துக்கு ஒரு கமா போட்டு, அகலமும் குடுத்து எஸ்பிரிண்ட்எஃப் பண்ணா பஃபருக்கு வெளிய எழுதுச்சு, சிவிஇ-2023-25139. 1,234,567-ஐ 13 அகலத்துல அடிச்சா ரெண்டு பைட் வெளிய போச்சு, அதுல கமா எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டு. இது சுத்துற ஓவர்ஃப்ளோ இல்ல, நீளக் கணக்குல விட்டுப்போனது, ஆனா உலகம் பூராவும் ஓடுற லைப்ரரியே தடுமாறுன இடம் நம்ம வெள்ளிக் கணக்கு அடிக்கிற அதே வேலைதான். சும்மா 100 பைட் பஃபர் வெச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா இது ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால டெஸ்ட்ல பஃபரை மேலாக்-ல (கேட்ட அளவு மெமரி குடுக்குற ஃபங்ஷன்), தேவையான அளவு மட்டும், ஒரு பைட்கூட உபரி இல்லாம எடுங்க, ஏசான் (மெமரிக்கு வெளிய போறதைப் பிடிக்கிற கருவி) போட்டு கம்பைல் பண்ணுங்க, ஒரே ஒரு பைட் வெளிய போனாலும் அந்த வரியைக் காட்டிக் குடுத்துடும். %எஃப் (தசம எண் அடிக்கிற குறி) வெச்சிருந்தா அதுக்கும் உச்சம் என்னன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க, டபுள்ல (தசம எண் வகை) இருக்குற பெரிய எண்ணை வெறும் %எஃப்-ல அடிச்சா புள்ளிக்கு முன்னால 309 இலக்கம், புள்ளி, பின்னால 6, மொத்தம் 316 எழுத்து. 32 பைட் போதும்னு நினைக்கிறவங்க இதை ஒரு தடவை அடிச்சுப் பாக்கணும்.

தமிழ்ல டிக்கெட் அடிக்கணும்னு தோட்டத்துல கேப்பாங்க, கேக்கணும், அவங்க உரிமை. அப்போ ஞாபகம் வெச்சுக்குங்க, அகலமும் புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணும் பைட்டைத்தான் எண்ணும். "செம்பனை" நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, யூடிஎஃப்-8-ல 21 பைட். %.10எஸ் போட்டா "செம" வரைக்கும் வந்து பத்தாவது பைட்ல 'ம்'-ஓட மேல் புள்ளி பாதியில அறுந்து நிக்கும்.

கருவியைப் பத்தி. உங்க போர்டுல இதெல்லாம் ஓடாது, ஆனா ஃபார்மட் ஃபங்ஷன் தனி ஃபைலா இருந்தா அதே ஃபைலை கம்ப்யூட்டர்ல கம்பைல் பண்ணலாம், பண்ணியே ஆகணும், 64 பிட்ல ஒரு தடவை, 32 பிட்ல ஒரு தடவை. ஏசானோட யூபிசானும் (சி விதியை மீறுற கணக்கைப் பிடிக்கிற கருவி) சேத்துப் போடுங்க, சைன்ட் ஓவர்ஃப்ளோ நடந்த வரியை, எந்த எண்ணோட எந்த எண்ணைப் பெருக்குனப்போன்னு சொல்லும். ஆனா ஒண்ணு, அன்சைன்ட் சுத்துறது சி-ல சட்டப்படி சரி, அதனால யூபிசான் சும்மா இருக்கும், 64 - 70 மாதிரி தப்பை அது பாத்தும் பேசாது. கிளாங்ல அதுக்குத் தனி ஆப்ஷன் இருக்கு, பெரிய டைப்பைச் சின்ன டைப்புல அடைக்கிறப்போ வெட்டுப்படுறதுக்கும் தனியா இருக்கு, ரெண்டையும் போடுங்க, ஹேஷ் மாதிரி வேணும்னே சுத்த விட்ட இடத்துலயும் சத்தம் போடும், பொறுமையா ஒவ்வொண்ணா பாத்து ஒதுக்குங்க. ஜிசிசி 7-ல இருந்து பஃபர் பத்துமான்னு கம்பைல் பண்றப்போவே எச்சரிக்கிற வார்னிங் இருக்கு, ஆனா அது லைப்ரரியோட எஸ்பிரிண்ட்எஃப், எஸ்என்பிரிண்ட்எஃப்-க்குத்தான், நீங்க சொந்தமா எழுதுனதோட உள்ள அது எட்டிப் பாக்காது.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. எல்லை 2147483647-ஆ இருக்குறதாலதான் விளிம்பைத் தொடுறது கஷ்டம், அப்போ எல்லையையே சின்னதாக்கிடுங்க. உங்க கோட்ல அந்த எண்ணை நேரா எழுதாம ஒரே ஒரு பேர் வெச்சு, எல்லாச் சோதனையும் அந்தப் பேரோடயே ஒப்பிடுற மாதிரி எழுதுங்க. நிஜத்துல அது 2147483647, டெஸ்ட்ல 127. டைப்பை மட்டும் 8 பிட்டா மாத்துனா பத்தாது, சி-ல 8 பிட் எண்ணைக் கூட்டுறப்போ அது முதல்ல இன்ட்டா மாறிடும், தப்பு நடக்காத மாதிரி தெரியும், அதனாலதான் எல்லையைப் பேரா வெக்கச் சொல்றேன். இப்போ அகலம் 0-ல இருந்து 300, புள்ளி எண் (புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்) 0-ல இருந்து 300, %-க்கு அடுத்து வர்ற அஞ்சு கொடிக்குறிகளோட (பிளஸ், மைனஸ் மாதிரி) 32 சேர்க்கை, எல்லாத்தையும் பெருக்குனா 2.9 மில்லியன் கிட்ட வரும், ஒண்ணு விடாம ஓட்டிடலாம், அதையே விளிம்பு மதிப்பு ஒவ்வொண்ணுக்கும் ஓட்டுங்க. சரியான நீளம் என்னன்னு பக்கத்துலயே 64 பிட்ல தனியா கணக்குப் போடுங்க, இலக்க எண்ணிக்கை, புள்ளி எண் ரெண்டுல பெருசு, அதோட குறி, அதையும் அகலத்தையும் பாத்து பெருசு எதுவோ அது. அந்தக் கணக்கு 127-ஐத் தாண்டுனா உங்க ஃபங்ஷன் மைனஸ் குடுக்கணும், தாண்டலைன்னா அந்த எண்ணையே குடுக்கணும், வேற பேச்சு இல்ல. மதிப்பு 0, புள்ளி எண்ணும் 0-ஆ இருந்தா இலக்கமே வராதுன்னு ஒரு விதிவிலக்கு இருக்கு, அதைக் கணக்குல சேக்க மறந்துடாதீங்க, நான் மறந்துட்டு அரை நாள் தேடியிருக்கேன். மதிப்புப் பக்கமும் அதே மாதிரி, 32 பிட்ல மொத்தமே 4,294,967,296 எண்தான் இருக்கு, நொடிக்குப் பத்து மில்லியன் ஓடுனா ஏழு நிமிஷத்துல எல்லாத்தையும் அடிச்சு, திரும்பப் படிச்சு, அதே எண் வருதான்னு பாத்துடலாம். ஏசான், யூபிசான் போட்டா இன்னும் இழுக்கும், ராத்திரி ஓட விட்டுட்டு காலையில பசியாறிட்டு வந்து பாருங்க.

பிழை வந்தா டிக்கெட்ல என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதையும் முடிவு பண்ணிட்டுத்தான் டெஸ்ட் எழுதணும். மைனஸ் திரும்பி வந்தா நிறுத்தி, எடை இடத்துல நட்சத்திரக்குறியா அடிச்சு, கிராணிக்குத் தெரியுற மாதிரி திரையில காட்டுங்க, பாதி எண்ணையோ பழைய எண்ணையோ விட்டுடாதீங்க. அஞ்சு ஏக்கர் வெச்சிருக்குற ஒருத்தர் ரெண்டு வாரம் வெட்டுன குலையை ஏத்திக்கிட்டு வந்து அந்தப் பேப்பரை நம்பித்தான் காசு வாங்கிட்டுப் போறார், எண் தப்பா இருந்தா அவருக்குத் தெரியப்போறதில்ல, நட்சத்திரம் இருந்தா நின்னு கேப்பார்.

இன்னைக்கு வேற ஒண்ணும் செய்ய நேரம் இல்லைன்னாலும் -2147483648-ஐ மட்டும் உங்க ஃபங்ஷனுக்குள்ள அனுப்பிப் பாருங்க, பேப்பர்ல என்ன விழுந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க தம்பி, அங்க இருந்து அடுத்ததைப் பாப்போம்.